தலை சரிஞ்ச பணிஸ்

வினிப்பெக்,
ஒக்டோபர் 26

அன்புள்ள தம்பி அறிவது,

நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் சுகமாய் இருக்க அம்மாளாச்சியை வேண்டிக்கொண்டு எழுதுறன். கடிதத்தைக் கண்டு பயந்திடாதை, இஞ்சை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. போன் எடுத்தா மெசின்தான் கதைக்குது. வட்ஸ்அப்பிலை போட்டா ரண்டு கோடும் நீலமாகுது, அதோடை சரி. நீலமானா எழும்பி இருக்கிறாய் எண்டு நினைச்சுக்கொண்டு நான் தேத்தண்ணி வைக்கப் போவன்.

விண்டர் டயர் மாத்தினியோ? அப்பா ஒவ்வொரு நாளும் வினிப்பெக் வெதர் முடிய சஸ்கட்டூன் வெதரையும் பாத்திட்டுத்தான் கதிரையாலை எழும்புறார். ஏனப்பா எண்டு கேட்டா "சும்மா" எண்டுவார். அவற்றை "சும்மா" உனக்குத் தெரியும்தானே.

ஸ்காபரோ மாமி கதைச்சவ. வேலையிலை லீவு போட்டிருக்கிறியாம். லீவு நல்லதுதான். நான் அதைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. இதிலை வேறை விசயம் எழுத வந்தனான்.

நான் வேலை செய்த முதியோர் இல்லத்துப் பன்ரண்டாம் அறை ஓமா போன கிழமை மோசம் போட்டா. அங்கத்தைக் கிழவியளை அவையின்ரை பாஷையிலை ஓமா, பாட்டி, எண்டுதானே கூப்பிடுறனாங்கள். 91 வயசு. நான் பென்சன் எடுத்து ஒரு வருசமாச்சு, எண்டாலும் அவவின்ரை மகள் தேடி எடுத்துச் சொன்னவ. செத்தவீட்டுக்குப் போனனான். அவையின்ரை மெனொனைட் சேர்ச் உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்மசுக்கு ஒருக்காக் கூட்டிக்கொண்டு போக, பாட்டுப் புத்தகம் திறக்காமலே எல்லாரும் நாலு குரலிலை பாடினதைக் கேட்டு "அம்மா, ஒருத்தரும் பிழைவிடேல்லை" எண்டு காதுக்குள்ளை சொன்னாய். இப்பவும் அப்பிடித்தான் பாடுகினம். ஆக்கள்தான் குறைஞ்சு போச்சினம். முன் வரிசையிலை இருந்த கிழவியள் எல்லாம் நான் குளிப்பாட்டின ஆக்கள். ஒவ்வொண்டாய் வாங்கு வெறுமையாகுது.

பாட்டு முடியக் கீழை பேஸ்மெண்டிலை கோப்பி, சீஸ், சீனிக்கட்டி, அந்த ரண்டு தட்டுப் பணிஸ். சுவீபாக். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவைக்கு அதுதான். அதைச் செய்யக் காட்டித் தந்தது இந்தப் பன்ரண்டாம் அறை ஓமாதான். மாவைக் கைக்குள்ளை வைச்சுப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையாலை பிதுக்கி நறுக்கிறது. பெரிய உருண்டை கீழை, சின்னது மேலை. மேலதை விரலாலை அடிமட்டும் அமத்தவேணும், பயந்து பயந்து அமத்தினா போறணைக்குள்ளை தலை சரிஞ்சு விழுந்திடும். நான் முதல் தரம் வீட்டிலை செய்ய இருபத்திநாலிலை பதினெட்டுக்குத் தலை போச்சு. அப்பம்மா சிரிச்ச சிரிப்பு. நீ விழுந்த தலையை மட்டும் பொறுக்கித் திண்டிட்டு அடியை எல்லாம் எனக்கு வைச்சாய்.

ஓமாவின்ரை ஆக்கள் 1943 இலையுதிர்காலத்திலை உக்ரேனை விட்டு வெளிக்கிடேக்கை, இதே பணிசைத் திருப்பிப் போறணையிலை போட்டுக் கல்லு மாதிரிக் காயவைச்சு மாச்சாக்கிலை கட்டி வண்டிலிலை ஏத்தினவையாம். பழுதாகாது, கோப்பியிலை தோய்ச்சுத் தின்னலாம். அப்ப அவவுக்கு ஒன்பது வயசு. பின்வாங்கின ஜேர்மன் ஆமிக்குப் பின்னாலை அண்டைக்கு 35,000 மெனொனைட் ஆக்கள் வெளிக்கிட்டவை எண்டும், அதிலை மூண்டிலை ரண்டு பங்குப் பேரைப் பேந்து ரஷ்யா பிடிச்சுச் சைபீரியா, கசகஸ்தான் பக்கம் அனுப்பிப்போட்டுது எண்டும் அவவின்ரை மகள் மைக்கிலை சொன்னவ. மிஞ்சினதிலை ஓமாவும் தாயும். 1947 பெப்ரவரியிலை ப்ரேமர்ஹாஃபனிலை இருந்து ஃபோலன்டாம் எண்ட கப்பல். கனடா அந்த நேரம் கதவு திறக்கேல்லை, பரகுவே திறந்துது. சாக்கோ எண்ட முள்ளுக்காடு. மண்வீடு கட்டினது முழுக்கப் பொம்பிளையளாம், ஏனெண்டா ஆம்பிளையள் இல்லை. 37லும் 38லும் ஸ்டாலின்ரை பொலிஸ் இரவோடை இரவாய்ப் பிடிச்சுக்கொண்டு போட்டுது. இஞ்சை வந்தது அதுக்குப் பேந்துதான்.

தேப்பனைக் கொண்டுபோகேக்கை அவவுக்கு நாலு வயசு. தாயும் மகளும் ஒவ்வொரு இரவும் அவர் சுகமாய் இருக்கோணும் எண்டு செபம் சொல்லித்தான் படுத்தவை. உக்ரேனிலை, ஜேர்மனியிலை, பரகுவேயிலை, வினிப்பெக்கிலை. சோவியத் விழுந்த பிறகுதான் கடதாசி வந்தது. 1938லேயே சுட்டுப்போட்டாங்கள். ஒருநாள் நான் கால் கழுவிக்கொண்டிருக்க ஓமா கேட்டா, "ஐம்பது வருசத்துக்கு மேலை செத்த மனுசனுக்குச் சுகம் கேட்டிருக்கிறன். அந்தச் செபம் எல்லாம் எங்கை போயிருக்கும்?" நான் என்ன சொல்ல? விரலிடுக்குக்குள்ளை ஈரத்தைத் துடைச்சுக்கொண்டிருந்தன். சின்ன மாமாவுக்கு எங்களுக்கு இன்னும் கடதாசியே வரேல்லை.

அவையின்ரை நம்பிக்கையைப் பற்றி அப்பா பகிடி பண்ணுவார், "அடிச்சாலும் திருப்பி அடிக்காத சனம்" எண்டு. துவக்குத் தூக்கிறேல்லை, சத்தியம் பண்ணுறேல்லை, குழந்தைக்கு ஞானஸ்நானம் இல்லை, வளந்து தானாய்க் கேட்டால்தான். இல்லத்து நடையோடையுக்கை அந்தப் படம் தொங்கினதெல்லோ, ஐஸ் உடைஞ்சு தண்ணிக்குள்ளை கிடக்கிறவனுக்குக் கை நீட்டிற ஆள். டிர்க் வில்லெம்ஸ். 1569. துரத்திக்கொண்டு வந்தவன் ஐசுக்குள்ளை விழ, தப்பி ஓடினவர் திரும்பி வந்து தூக்கிவிட்டவர். பேந்து அவரைப் பிடிச்சு எரிச்சுப்போட்டாங்கள். உனக்கு ஒன்பது பத்து வயசிருக்கும், "அவர் பேசாமல் ஓடியிருக்கலாமே, விசரோ?" எண்டு கேட்டாய். ஓமா சிரிச்சுப்போட்டு, "வேறை ஆரும் பக்கத்திலை இல்லை" எண்டா.

எல்லாரும் அப்பிடியில்லை எண்டும் எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த 93லை ஒரு கிழவர் இருந்தவர், 1900லை பிறந்தவர். இரவிலை எழும்பித் தங்கடை பாஷையிலை அழுவார். பிளாட்டீச் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, அதுதான் என்னட்டைச் சொன்னவர் போலை. ஒருநாள் மட்டும் இங்கிலிசிலை சொன்னார், "என்னட்டைத் துவக்கு இருந்தது." உக்ரேனிலை மக்னோ எண்ட ஆயுதக்குழுத் தலைவன்ரை ஆக்கள் ஊரூராய்க் கொள்ளையடிச்சு வெட்டின காலம், 1918லும் 19லும். ஜேர்மன் ஆமி கொடுத்த ஆயுதத்தோடை சில பெடியள் ஊர்க்காவலுக்கு இறங்கினவை. சபை கூடிக் கதைச்சு, அவரவர் மனச்சாட்சி எண்டு விட்டுவிட்டுதாம். அவரவர் மனச்சாட்சி எண்டால் அது சுமக்கிறவன்ரை பாடு, இல்லையோ. எழுபது வருசம் பிள்ளையளுக்குச் சொல்லாமல் வைச்சிருந்தார். அந்தப் பிள்ளையள் ஞாயிற்றுக்கிழமை வந்து, அப்பா எவ்வளவு அமைதியான மனுசன் எண்டு என்னட்டைப் பெருமை சொல்லுவினம்.

நல்ல ஜக்கெற் வாங்கினியோ? போன வருசத்து நீலத்திலை சிப் போட்டுது, அதைப் போடாதை. சாப்பாட்டை ஒரு நேரமும் விடாதை. கோப்பி சாப்பாடில்லை.

நீ லீவிலைதானே இருக்கிறாய், ஒருநாள் ரொஸ்தெர்ன் வரை போட்டு வா. 11ஆம் நம்பர் ரோட்டிலை வடக்காலை, ஒரு மணித்தியாலம்கூட இல்லை. 1923 யூலை 21ந் திகதி புரட்சிக்குப் பேந்து ரஷ்யாவிலை இருந்து வந்த முதல் மெனொனைட் கூட்டம் இறங்கினது அங்கைதான். டேவிட் டேவ்ஸ் எண்ட பெரியவர் அந்த ஊர்க்காரர். ரயில் கொம்பனியோடை கடனுக்குக் கையெழுத்துப் போட்டு, அந்தப் பத்து வருசத்துக்குள்ளை இருபதினாயிரம் பேரைக் கொண்டுவந்து சேர்த்த மனுசன். கடன் 1946லைதான் முடிஞ்சது. எங்கடை ஏஜென்சிக் காசு ஏழு வருசத்திலை முடிஞ்சுது, அதுக்கே நான் என்ன பாடுபட்டனான். அவையின்ரை பெட்டையள் பதினைஞ்சு வயசிலை வினிப்பெக் பணக்கார வீடுகளிலை வேலைக்கு நிண்டு கட்டினவை. வியாழன் பின்னேரம் மட்டும் லீவு.

அப்பிடி நிண்டவ ஒருத்தி ஏழாம் அறை ஓமா. 1924லை ஆறு வயசிலை வந்தவ. உனக்குத் தெரியும் எந்த ஓமா எண்டு.

தம்பி, எழுத வந்தது இதுதான். சுத்திச் சுத்தி வாறன்.

செத்தவீட்டிலை மைக்கைக் கையிலை வைச்சுக்கொண்டு பன்ரண்டாம் அறை ஓமாவின்ரை மகள் என்னை எழும்பச் சொன்னா. எழும்பினன். "2003 பெப்ரவரிப் பனிப்புயலிலை ஏழாம் அறை ஓமா சாகக் கிடக்க, பிள்ளையள் பிளேன் இல்லாமல் நிண்ட நேரம், வேலை முடிஞ்சும் சம்பளமில்லாமல் நாலு மணித்தியாலம் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தது இவதான்" எண்டு சொன்னா. அந்தச் சேர்ச்சிலை அது ஒரு கதை போலை, சின்னப் பிள்ளையளுக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் திரும்பிப் பாத்து மெல்லத் தலையாட்டினவை. எனக்குக் கால் நடுங்கிப் போச்சு.

அந்த நாலு மணித்தியாலம் நீ எங்கை இருந்தனி எண்டு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தாலை வந்து கதவைத் திறந்தால் பேஸ்மெண்ட் படியடியிலை அப்பம்மா. பதினாலு வயசு. நீ 911 அடிச்சிட்டு எனக்கு அடிச்சனி, என்ரை போன் லொக்கருக்குள்ளை. ஒஃபிசுக்கு அடிச்சனி, அங்கை ஆரோ "அவ ஒரு ஆளோடை நிக்கிறா" எண்டு வைச்சிட்டினம். ஆசுப்பத்திரிக்கு நான் வர ஏழரை. ஓடையுக்கை வைச்சு, அப்பாவுக்கும் மாமாவுக்கும் முன்னாலை, நான் உன்னட்டைக் கேட்ட முதல் கேள்வி, "நீ என்னடா செய்துகொண்டிருந்தனி? கேமோ?"

நீ ஒண்டும் சொல்லேல்லை. சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாய். ஒன்பது நாளாலை அப்பம்மா போனா. எட்டுச் செலவும் அந்திரட்டியும் வர அந்தக் கேள்வி அப்பிடியே கிடந்து போச்சு. நான் அதைத் திருப்பி எடுக்கேல்லை. இருபத்திரண்டு வருசம்.

இன்னும் இருக்கு. அண்டைக்கு விடிய நான் சப்பாத்துக் கட்டேக்கை அப்பம்மா "பிள்ளை, இண்டைக்குத் தலை சுத்துது, நிண்டிட்டுப் போவன்" எண்டவ. "மத்தியானம் தூக்குச்சட்டியிலை இருக்கு மாமி, சாப்பிட்டா சரியாகும்" எண்டு சொல்லிப்போட்டுப் போனனான். அது அப்பாவுக்கும் தெரியாது. மூண்டு மணிக்கு வேலை முடிஞ்சுது. நிண்டது ஓமாவிலை உள்ள இரக்கத்தாலை எண்டு நானே கனகாலம் நம்பினனான். இரக்கம் இருந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் வீட்டை வர விருப்பமில்லாமலும் இருந்தது, தம்பி. வீட்டிலை சமையல், அப்பம்மாவின்ரை முனகல், அப்பா ரண்டாவது வேலைக்கு ஓடுற அவசரம். அங்கை நான் நல்ல மனுசி. கையைப் பிடிச்சுக்கொண்டு சும்மா இருந்தாலே "தங்கமான பிள்ளை" எண்டு சொல்லுவினம். வீட்டிலை அப்பிடி ஒருத்தரும் சொல்லுறேல்லை. அதுக்காகத்தான் நிண்டனான்.

அப்பம்மாவை அப்பிடி ஒரு நாலு மணித்தியாலம் நான் பிடிச்சுக்கொண்டு இருக்கேல்லை. அவ முருங்கைக்காய்க்குக் காசு கூடினது, பக்கத்து வீட்டுப் பூனை எண்டு என்ன சொன்னாலும் "ம்" எண்டிட்டுச் சட்டி கழுவுவன். ஓமாமாரின்ரை ஊர்ப்பேர் எல்லாம் எனக்குத் தெரியும், கோர்ட்டிட்சா, மொலோச்னா எண்டு. அப்பம்மா எந்த வயசிலை கலியாணம் கட்டினவ எண்டு அந்திரட்டிக் கல்வெட்டு அடிக்கத்தான் அப்பாவைக் கேட்டு அறிஞ்சனான்.

போன ஆடியிலை நீ போனிலை "அம்மா, எல்லாம் என்ரை பிழை மாதிரியே கிடக்கு" எண்டு சொன்னாய். நான் "விசர்க்கதை கதையாதை, சாப்பிட்டியோ" எண்டன். நீ "ஓம்" எண்டாய். அதுக்குப் பிறகு இந்த நீலக் கோடுதான்.

நீ எதைச் சொன்னாய் எண்டு எனக்குத் தெரியாது. வேலையோ, அந்தப் பிள்ளையோ, வேறை ஏதுமோ. ஆனால் அப்பம்மா விழுந்தது உன்ரை பிழையில்லை. நீ கேம் விளையாடேல்லை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், உன்ரை புத்தகப் பை படியிலை அப்பிடியே கிடந்தது, ஜக்கெற்றைக் கழட்டி அவவைப் போத்தியிருந்தாய். தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்.

இந்தக் கடிதத்தை ஒட்டமுதல் அப்பாவுக்குச் சொல்லப்போறன், காலமை நடந்ததையும் சேர்த்து. அவர் என்ன சொல்லுவார் எண்டு தெரியேல்லை.

நாளைக்குத் தபாலிலை ஒரு பெட்டி போடுறன். பணிஸ் காயவைச்சது, ரண்டு பை. ஒரு பையிலை தலை மட்டும்.

வாற ஞாயிறு பின்னேரம் நாங்கள் வீட்டிலைதான். அப்பா ரிவிச் சத்தத்தைக் குறைச்சுப்போட்டு இருப்பார். கதைக்க ஏலாட்டில் ரண்டு தரம் அடிச்சுப்போட்டு வை, நீ எண்டு விளங்கும். நான் எடுக்கமாட்டன். டயரை மறக்காதை.

அம்மா