செடி ஆப் செய்கிறவர்கள் செடி நிற்கிற இடத்தையும் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வடவள்ளியில் சின்னதாக ஒரு நர்சரி நடத்துகிறேன். கோவைக் கல்லூரிகளிலிருந்து இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்று செடிகளைப் படம் பிடிக்க வரும் பிள்ளைகளில் பலர் இப்போது வீட்டுச் செடிகளுக்கு மிக்ஸ்டு ரியாலிட்டி ஆப் செய்கிறோம் என்கிறார்கள். போனைச் செடிக்கு நேராகப் பிடித்தால் அதன் பெயர், தண்ணீர் ஊற்ற வேண்டிய நாள், உரம் எல்லாம் செடிக்குப் பக்கத்திலேயே எழுத்தாக நிற்கிறது, நாம் சுற்றி வந்தாலும் அந்த எழுத்து இடம் மாறுவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறது. இவ்வளவு ஆசையாகச் செய்கிறார்களே, அது மக்களுக்கு உதவ வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எனக்குக் காட்டியவற்றில் எல்லாம் ஒரே குறை. ஆப் செடியைப் பார்க்கிறது, செடி நிற்கிற இடத்தைப் பார்ப்பதில்லை.

எங்களிடம் வாங்கிப் போகிற செடிகள் வீட்டில் வாடிப்போவதற்கு நோயும் பூச்சியும் காரணமாவது கொஞ்சம்தான். வெளிச்சமும் தண்ணீரும்தான் பெரும்பாலும். வெளிச்சத்தைக் கண்ணால் மதிப்பிடவே முடியாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; வெட்டவெளியில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும், ஹாலில் ஜன்னலை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் சில நூறு லக்ஸ்தான் தேறும், ஆனால் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் நமக்கு இரண்டுமே வெளிச்சமான இடம்தான். போனுக்கு அந்தக் குறை கிடையாது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் வெளிச்சத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது, திசைகாட்டி இருக்கிறது, ஜிபிஎஸ் இருக்கிறது. ஊரும் தேதியும் தெரிந்துவிட்டால் சூரியன் எந்த மணிக்கு எங்கே நிற்கும் என்பது வெறும் கணக்கு. பங்குனியில் காலை ஒன்பது மணிக்கு வெயில் இந்த டைல்ஸ் வரை வரும், மார்கழியில் அந்தச் சோபா வரை போகும் என்று ஹால் தரையிலேயே கோடு போட்டுக் காட்டினால், தொட்டியை எங்கே வைப்பது என்று அப்புறம் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தத் தொழில்நுட்பத்தால்தான் இப்படிக் காட்ட முடியும். அதை விட்டுவிட்டுச் செடியின் பெயரை மிதக்க விடுவதில் என்ன இருக்கிறது? பெயர்தான் தொட்டியில் ஒட்டியே வருகிறதே.

இன்னொன்று, வெளிநாட்டுக் குறிப்புகளை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். தெற்கு ஜன்னலில் வெயில், வடக்கு ஜன்னலில் நிழல் என்பது லண்டனுக்குச் சரி. கோவை இருப்பது 11 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியனே நம் உச்சிக்கு வடக்கே இருக்கிறது, காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே வரும். ஒரு மே மாதம் சரவணம்பட்டி அபார்ட்மென்டிலிருந்து ஒரு அம்மா அக்லோனிமா தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், ஜன்னல் பக்கம் இருந்த இலைகள் மட்டும் நடுவில் வெளுத்துக் காகிதம் மாதிரி ஆகியிருந்தன. "ஆப்ல சொன்ன மாதிரி வடக்கு ஜன்னல்லதானுங்க வெச்சேன்" என்றார். அவர் மேல் என்ன தப்பு?

தண்ணீர் விஷயம் இதைவிடச் சிக்கல். இங்கே தொட்டிக் கலவையில் பாதிக்குப் பாதி பொள்ளாச்சிப் பக்கத்து நார்க்கழிவுதான், கோகோபீட் என்று விற்கிறோமே அது. மேலே காய்ந்து வெளுத்திருக்கும், விரலை உள்ளே விட்டால் கசகசவென்று ஈரம் இருக்கும். கேமராவுக்குத் தெரிவது மேல்மண் மட்டும். இலை மஞ்சளானால் தண்ணீர் கூடியும் இருக்கலாம், குறைந்தும் இருக்கலாம், படத்தை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது. ஆகவே ஆப் கேட்க வேண்டும். விரலை எவ்வளவு ஆழம் விட வேண்டும் என்று தொட்டியின் பக்கவாட்டில் ஒரு கோடு காட்டட்டும், ஈரமா காய்ந்திருக்கிறதா என்று தமிழில் கேட்கட்டும், நாம் வாயால் சொல்கிற பதிலை வாங்கிக்கொள்ளட்டும், ஏனென்றால் அந்த நேரம் ஒரு கையில் போன், இன்னொரு கை முழுக்க மண். "இன்னைக்குத் தண்ணி வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்த ஆப்தான் நல்ல ஆப் என்பேன்.

எந்தத் தண்ணீர் என்றும் கேட்க வேண்டும். நம் வீடுகளில் நல்ல தண்ணி ஒரு குழாயில், உப்புத் தண்ணி ஒரு குழாயில் வருகிறது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற செடிக்கும் திருப்பூர்ப் பக்கத்து போர் தண்ணீர் குடிக்கிற செடிக்கும் ஒரே குறிப்பு எப்படிப் பொருந்தும்? ஆர்ஓ மெஷினில் கழிந்து வரும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறைய, ஆனால் அதில்தான் உப்பு திரண்டு நிற்கிறது. இலை நுனி பழுப்பாகக் கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கைக் கேமரா சுலபமாகக் கண்டுபிடித்துவிடும், ஆனால் எனக்குக் காட்டிய எந்த ஆப்பும் அதைத் தேடவில்லை.

காற்றும் அப்படித்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளே நிற்கின்றன. அந்த மாதங்களில் வானம் மூடியிருக்கும், மழை விழாது, பால்கனித் தொட்டி சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். வானிலையை வாங்கிக் கணக்குப் போடும் ஆப் மேகமூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வேண்டாம் என்கிறது! பால்கனி எந்தத் திசை பார்த்தது என்று போனுக்கே தெரியும், மேற்கு என்றால் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டியதுதானே.

நோயைக் கண்டுபிடிக்கும் பகுதியைப் பற்றிப் பிள்ளைகள் பெருமையாகச் சொல்கிறார்கள். பிளான்ட்வில்லேஜ் என்ற 54,000-க்கும் மேற்பட்ட இலைப்படங்களின் தொகுப்பை வைத்து 2016-இல் வந்த ஆய்வில் கணினி 99 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொன்னது உண்மை. அதே கணினியிடம் வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சுமார் 31 சதவீதம்தான் சரியாக வந்தது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. நம் வீட்டுச் சமையலறை ஜன்னலில், பின்னால் பாத்திரங்கள் தெரிய எடுத்த படம் இந்த இரண்டாவது வகை. அதுவும் மாவுப்பூச்சி இலைக்கு அடியிலும் கணுவிடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும். 2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவிலேயே முதலில் தென்பட்டது நம் கோவையில்தான், அது பப்பாளியையும் மல்பெரியையும் என்ன பாடு படுத்தியது என்பதை விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். இலையைத் திருப்பிக் காட்டுங்கள் என்று ஆப் கேட்காவிட்டால் அது பூச்சியைப் பார்க்கப் போவதே இல்லை.

தலையில் மாட்டும் கருவிக்காகவும் சிலர் செய்கிறார்கள். 2024-இல் வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ 3,499 டாலர். அதை மாட்டிக்கொண்டு யாரும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதில்லை, சாதாரண போனுக்குச் செய்யுங்கள். எழுத்தைச் செடிக்குப் பக்கத்திலேயே இடம் மாறாமல் நிறுத்த உதவும் கூகுளின் ஏஆர்கோர் என்ற மென்பொருள் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது, அது ஓடாத போனிலும் வெளிச்சத்தை அளந்து சொல்லும் பகுதியாவது வேலை செய்ய வேண்டும். வீட்டுக்குள் எடுக்கும் படம் போனை விட்டு வெளியே போகக் கூடாது. குழந்தை இருக்கிற வீடா என்று கேட்டுவிட்டு, டிஃபன்பேக்கியா மாதிரி வாயில் வைத்தால் நாக்கு வீங்கும் செடிகளைக் கைக்கு எட்டாத உயரத்தில் காட்டினால் நல்லது.

வேளாண் பல்கலைக்கழகமும் இவ்வளவு பொறியியல் கல்லூரிகளும் ஒரே ஊரில் இருக்கின்றன. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து, கொங்குப் பகுதி வீட்டுச் செடிகளுக்கு மாதவாரியாகத் தமிழில் குறிப்பும், நம் வீடுகளுக்குள்ளேயே எடுத்த படங்களும் சேர்த்தால் ஆப் செய்கிற எல்லோருக்கும் அது பயன்படும், இதைப் பேராசிரியர்கள் முன்னின்று செய்ய வேண்டும். என் நர்சரியில் 50 சதவீத நிழல்வலையும் 75 சதவீத நிழல்வலையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, ஆப் காட்டும் லக்ஸ் சரிதானா என்று சோதிக்க அது தோதான இடம். எந்தக் கல்லூரிப் பிள்ளைகளும் வரலாம், காசு எதுவும் வேண்டாம். காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள் கண்ணு, அதற்கு மேல் வெயிலில் கேமராவை ஓடவிட்டால் போன் சூடாகி நின்றுவிடுகிறது.

இப்படிக்கு,
நர்சரி நடத்தும் ஒரு வாசகி,
வடவள்ளி, கோவை.