கே.ஜி. பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்: இந்தக் கோடைக்குச் சார்ட் வேண்டாம், மாங்காய் போதும்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் நர்சரி, பிரைமரி பள்ளி நடத்தும் தாளாளர்களுக்கும், எல்.கே.ஜி. முதல் இரண்டாம் வகுப்புவரை பாடம் எடுக்கும் மிஸ்களுக்கும் வணக்கம்.

இன்னும் சில வாரத்தில் கோடை விடுமுறைக்கான ஹாலிடே ஹோம்வொர்க் தாளைத் தயார் பண்ண உட்காருவீர்கள். அதற்கு முன்னால் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்குச் சார்ட், ஃபைல், தெர்மாகோல் மாடல் எதுவும் வேண்டாம். அதற்குப் பதிலாக, அந்தந்த மாதம் கிடைக்கிற பழத்தையோ காயையோ வைத்து, வீட்டுப் பெரியவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்து சாப்பிட்டு வரச் சொல்லுங்கள்.

போன வருஷம் என் மகள் யு.கே.ஜி. முடித்தபோது வந்த தாளில் ‘சம்மர் ஃப்ரூட்ஸ்’ என்று ஒரு சார்ட் கேட்டிருந்தார்கள். பிரவுசிங் சென்டரில் போய்ச் சொன்னால் அவர்களிடம் ஏற்கெனவே ஒரு ஷீட் தயாராக இருக்கிறது, ஏனென்றால் எல்லாப் பள்ளியும் அதையேதான் கேட்கிறது. ஸ்ட்ராபெரி, கிவி, புளூபெரி, நடுவில் ஒரு தர்பூசணித் துண்டு. படத்தை நான் வெட்டினேன், அவள் அப்பா ஒட்டினார், அவள் பக்கத்தில் உட்கார்ந்து பசை டப்பா மூடியை வைத்து விளையாடினாள். அதே நேரம் எங்கள் வீட்டு மூலையில் வைக்கோலுக்குள் குண்டு மாம்பழம் பழுத்து வீடே மணத்துக்கொண்டிருந்தது. மாங்கனி நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கோடைப் பழம் என்றால் கிவி என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், இது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை, சொல்லப்போனால் எங்கள் பக்கம்தான் நிற்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கையும் இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டாம் என்கிறது. 3 முதல் 8 வயதுவரை விளையாட்டோடு சேர்ந்த கற்றல்தான் என்று 2022இல் வந்த தேசியக் கலைத்திட்டமும் சொல்கிறது. ‘ஆக்டிவிட்டி’ என்று பெயர் மாற்றிக் கொடுத்தாலும் ராத்திரி உட்கார்ந்து வேலை செய்வது பெற்றோர்தான். இது உங்களுக்கும் தெரியும்.

சரி, சமையலறையில் குழந்தைக்கு என்ன வேலை இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

முதலில் மாவடு. இது மாசி, பங்குனியிலேயே வந்துவிடும், விடுமுறைவரை காத்திருக்காது, அதனால் இதை நீங்களே வகுப்பில் செய்யலாம், அடுப்பு தேவையே இல்லை. வடுவைக் காம்போடு வாங்கிக் கழுவித் துணியில் பரப்பி ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். ஒரு பொட்டு ஈரம்கூட இருக்கக் கூடாது. நாலு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது: சின்ன உருண்டையான பொருள், சின்னக் கை, ஒன்றை எடு, துடை, அந்தப் பக்கம் வை. பென்சில் பிடிக்க விரலுக்குப் பலம் வர வேண்டும் என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? அது இதிலேயே வரும். அப்புறம் பேசினில் போட்டு விளக்கெண்ணெய் விட்டுப் புரட்ட வேண்டும், எல்லா வடுவும் பளபளவென்று ஆகும்வரை. பிறகு ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு கை கல்லுப்பு, மறுபடி ஒரு அடுக்கு. வாயைத் துணியால் கட்டி மூடி வைத்துவிட்டுத் தினமும் ஒரு தடவை குலுக்க வேண்டும்.

இரண்டு மூன்று நாளில் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். “யாரும்மா தண்ணி ஊத்துனது?” என்று என் மகன் கேட்டான். யாரும் ஊற்றவில்லை, உப்பு காய்க்குள்ளே இருந்த தண்ணீரை வெளியே இழுத்திருக்கிறது என்று சொன்னேன். அவன் நம்பவில்லை, தினமும் காலையில் போய் எட்டிப் பார்த்தான். வடு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாத்தா கைத்தோல் மாதிரிச் சுருங்கிக்கொண்டே வந்தது. அந்த உப்புத் தண்ணீரில் கடுகும் மிளகாயும் மஞ்சளும் அரைத்துக் கலப்பது பெரியவர்கள் வேலை, மிளகாய் பட்ட கையால் குழந்தை கண்ணைக் கசக்கினால் அவ்வளவுதான். ஆனால் “ஈரக் கையை ஜாடிக்குள்ள விடக் கூடாது” என்ற சட்டத்தை அமல்படுத்துவது அவன் வேலை. பாட்டியைக்கூட விடவில்லை. காத்திருப்பது என்றால் என்ன என்பதை வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டி இப்படிப் புரியவைக்க முடியும், சொல்லுங்கள்?

சித்திரை ஒன்றுக்கு மாங்காய்ப் பச்சடி எல்லார் வீட்டிலும் உண்டு. அதற்கு முன்னால் வேப்பம்பூ பொறுக்குவது இருக்கிறதே, அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ராத்திரி மரத்தடியில் ஒரு பழைய புடவையை விரித்து வைத்தால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். குச்சியும் இலையும் நீக்கிக் காயவைக்க வேண்டும். வெல்லத்தைத் தட்டிக் கொடுப்பது, மாங்காய்த் துண்டை எண்ணிப் போடுவது, கடைசியில் கசப்பு நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளிப்பது எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

மே மாதத்துக்குக் கிளிமூக்கு மாங்காய். இதை வைத்துப் பானகம் பண்ணுவதுதான் எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை. காயைத் தோலோடு வேகவைத்து நன்றாக ஆறவிட்டுக் கொடுத்துவிடுவேன். அதற்கு மேல் நான் தலையிட மாட்டேன். தோலை உரித்து, கையை உள்ளே விட்டுப் பிசைந்து, கொட்டையை வழித்துப் போட்டு, முழங்கைவரை பூசிக்கொண்டு செய்வார்கள். வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு, சீரகப் பொடி, ஏலக்காய், பானைத் தண்ணீர். எத்தனை டம்ளர் தண்ணீருக்கு எவ்வளவு வெல்லம் என்பதை அவர்களே ருசி பார்த்து முடிவு செய்யட்டும். “புளிக்குது, இன்னும் கொஞ்சம் போடு” என்று ஒருத்தி, “போதும், திகட்டும்” என்று ஒருத்தன், அங்கே நடக்கிற பேச்சுதான் மொழிப்பாடமும் கணக்கும்.

மாம்பழத்தைப் பழுக்கவைப்பதையும் சேருங்கள். காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்து, தினமும் காலையில் காம்புப் பக்கம் மூக்கை வைத்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். என்றைக்கு வாசனை வருகிறதோ அன்றைக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒரு பழுத்த பழத்தை நடுவில் வைத்தால் மற்றது சீக்கிரம் பழுக்கும், அதிலிருந்து எத்திலீன் வாயு வருவதுதான் காரணம் என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெயர் சொல்லாமலே காட்டிவிடலாம். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனாலும் ஒவ்வொரு சீசனிலும் அதிகாரிகள் கிடங்கு கிடங்காகச் சோதனை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நல்ல பழத்தின் மணம் எப்படி இருக்கும் என்று மூக்குக்குத் தெரிந்த பிள்ளை நாளைக்குக் கடையில் ஏமாறாது.

நுங்குக்கு ஒரு வரி போதும்: கட்டை விரலை விட்டுத் தோண்டிச் சாப்பிடக் கற்றுக்கொடுக்க வேண்டும், மிச்சக் கூந்தையில் வண்டி செய்து ஓட்ட வேண்டும்.

வெயிலில் மாங்காய் வற்றல் போடும் வீடுகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய உத்தியோகம் ஒன்று காத்திருக்கிறது, காக்கா விரட்டுவது. உப்பும் மஞ்சளும் தடவிய துண்டுகளைத் தட்டில் பிரித்து வைப்பது, சாயங்காலம் திருப்பிப் போடுவது, மழை தூறினால் முதல் ஆளாகக் கத்துவது. நிழலில் உட்காரவைத்து, தலையில் ஒரு துண்டும் கையில் ஒரு சொம்பு தண்ணீரும் கொடுத்துவிடுங்கள்.

தாளில் நீங்கள் கட்டாயம் எழுத வேண்டிய சில விஷயங்களும் உண்டு, இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுப்பும் அரிவாள்மனையும் பெரியவர்களுக்கு. வாழைப்பழம், வேகவைத்த மாங்காய், பப்பாளி மாதிரி மெத்தென்று இருப்பதை மழுங்கிய கத்தியால் நறுக்கப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். மாங்காய்க் காம்பில் வடியும் பால் பட்டால் உதட்டோரம் வெந்து புண்ணாகும், அதனால் காம்பைக் கிள்ளிப் பாலை வடியவிட்டுக் கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டு வைத்த பிறகுதான் பிள்ளைகள் கையில் தர வேண்டும். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் திராட்சையை முழுசாகத் தரவே கூடாது, நீளவாக்கில் நாலாக நறுக்க வேண்டும். நாவல் பழம், இலந்தைப் பழம் என்றால் கொட்டையை எடுத்துவிட்டுத்தான். முழு நுங்கை அப்படியே வாயில் போடவிடக் கூடாது, வழுக்கிக்கொண்டு தொண்டைக்குப் போய்விடும். சாப்பிடும்போது ஓடவிடக் கூடாது. இவ்வளவையும் நாலு வரியில் எழுதிவிடலாம்.

“இதெல்லாம் நேரம் இருக்கிற வீட்டுக்குத்தான் சரி, ரெண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் யார் செய்வது” என்று ஒரு மிஸ் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் வேலைக்குப் போகிறவள்தான். பட்டறைக்கோ தறிக்கோ போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வரும் அப்பா அம்மாவிடம் மாவடு போடச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அதே வீட்டில்தான் சார்ட்டுக்கும் கலர் பிரிண்டுக்கும் காசு செலவழித்து, ராத்திரி பத்து மணிக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாங்காயைக் கீற்று போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தடவ ஐந்து நிமிஷம் ஆகுமா? தடவுவது பிள்ளை வேலை என்றால் அதுவும் கணக்கில் சேரட்டும். வாழைப்பழத்தைப் பிசைந்து நாட்டுச்சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் போட்டு ஒரு கிண்ணம், அதுவும் சேரட்டும். கோடை மழைக் காற்றுக்கு உதிர்ந்த காயைச் சந்தையில் கூறு போட்டு மலிவாகத்தான் விற்கிறார்கள், இமாம்பசந்தும் மல்கோவாவும் யாரும் வாங்க வேண்டியதில்லை.

‘அம்மாவுடன் சேர்ந்து செய்க’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். ‘வீட்டில் இருப்பவர்களுடன்’ என்று எழுதுங்கள். அப்பா, தாத்தா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யாராக இருந்தாலும் சரி. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஒரே தாள்தான் போக வேண்டும். பானகம் கரைத்த பையன் பெரியவனாகித் தன் வீட்டுச் சமையலறையில் விருந்தாளி மாதிரி நிற்க மாட்டான் என்று நான் நம்புகிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். போட்டோ கேட்காதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்ன அந்த நிமிஷமே இது சார்ட்டாக மாறிவிடும். ஒரு வீட்டில் புதுத் தட்டு, பட்டுப் பாவாடை, மாம்பழ கேக் என்று போடுவார்கள், இன்னொரு வீட்டில் அதைப் பார்த்துவிட்டு எதையும் போட மாட்டார்கள். மார்க், ஸ்டார், பரிசு எதுவும் வேண்டாம். செய்யாத பிள்ளையை எழுப்பி நிற்கவைப்பதும் வேண்டாம்.

அப்படியென்றால் செய்தார்களா இல்லையா என்று எப்படித் தெரியும்? ஜூனில் பள்ளி திறக்கும்போது நீலம் வந்துவிடும், சீசனின் கடைசி மாம்பழம். முதல் வாரத்தில் ஒரு நாள் வகுப்புக்கு ஒரு கூடை வாங்கி வாருங்கள். நறுக்கிக் கொடுத்துக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். யார் வீட்டில் என்ன செய்தார்கள், எது புளித்தது, யார் கொட்டையைக் கடைசிவரை சப்பியது என்று கேளுங்கள். நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பேசும், அதுதான் உங்களுக்கு ரிப்போர்ட். சாப்பிட்ட கொட்டைகளைக் கழுவி, ஓட்டைப் பிரித்து உள்ளே இருக்கும் பருப்பைத் தொட்டியில் போட்டு வைத்தால் சில வாரத்தில் முளைத்துவிடும், ஜன்னல் ஓரம் வரிசையாக வையுங்கள்.

சர்க்குலர் எழுத நேரமில்லை என்றால் நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து எழுதித் தருகிறோம், ஒரு பக்கத்துக்கு மேல் போகாது. வகுப்பில் மாவடு போட ஆள் வேண்டுமென்றாலும் வருகிறோம், ஜாடியும் கல்லுப்பும் எங்கள் செலவு. எந்த நாள் என்று மட்டும் டைரியில் எழுதி அனுப்புங்கள், இந்தப் பங்குனிக்குள் என்றால் நல்லது.

இப்படிக்கு,
எல்.கே.ஜி.யில் ஒருவன், முதல் வகுப்பில் ஒருத்தி என்று இரண்டு பிள்ளைகளின் அம்மா,
சேலம்