தாலி கட்டிய கல்

வணக்கம். லாலான் புல் கிழித்த கீறல் இன்னும் கையில் எரிகிறது. எங்கள் பூட்டியின், அதாவது தாத்தாவுடைய அம்மாவின், கல்லறையைத் தேடிப் போன மூன்று வாரம் நாங்கள் பட்ட பாடு மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தைக்கே தெரியும். (2007இல் ஊர்ப் பெயர் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, என் வாயில்தான் வர மாட்டேன் என்கிறது.) அந்தக் கதையை மறுபடி இழுக்கவில்லை. மண்வாரி இயந்திரம் வருவதற்கு முன்னால் பூட்டி கிடைத்துவிட்டார். அது போதும்.

பராங் கத்தி பிடித்த தம்பிகள், லோரி கொடுத்த மாமா, சோறு அனுப்பிய கோயில் அக்காமார், பழைய செக்ரோலை (தோட்டத்து ஆள் பதிவேடு) தேடிக் கொடுத்த கிராணி (குமாஸ்தா) ஐயா, எல்லாருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. கோபிக்காதீர்கள். தமிழாசிரியர் ஐயாவுக்கு மட்டும் தனியாக. கல்லைத் தேய்க்க நான் எடுத்த கம்பி பிரஷ்ஷைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார். பகலில் மொட்டையாக நின்ற கல்லில் எழுத்து எழும்பி வந்தது. பெயரின் தலை உதிர்ந்து '...யம்மாள்', அதற்குக் கீழே 'யுவ வரு. மாசி'. யுவ வருஷம் 1935 சித்திரையில் பிறந்தது, மாசிக்குள் 1936 ஆகியிருக்கும் என்று அங்கேயே விரல்விட்டு எண்ணினார். தாத்தாவுக்கு அப்போது ஆறு வயது. சரியாக இருந்தது.

ஆனால் அந்தக் கல்லிடம் எங்களைக் கூட்டிப்போனது இவர்கள் யாருமில்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் களைக்கு மருந்தடிக்கும், இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்த அக்கா ஒருவர்.

"அம்மா தலைமாட்டுல பால் மங்கு ஒண்ணு சிமெண்டுல பதிச்சிருக்கு, அதிலதான் சூடம் ஏத்துவோம்" என்று தாத்தா சொல்வார். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கோப்பைதான் மங்கு. அந்த மங்கை எதிர்ப்பட்டவரிடமெல்லாம் விசாரித்தோம். அந்த அக்கா மருந்துத் தோம்பை முதுகிலிருந்து இறக்கிவிட்டு, "அடா" (இருக்கிறது) என்று ஒரே மலாய்ச் சொல்லோடு நடக்க ஆரம்பித்தார்.

கல்லைச் சுற்றிச் சிவப்பு ராஃபியா கயிறு. அதற்கு அடியில் வெளுத்து ரோஜா நிறமானது ஒன்று, அதற்கும் அடியில் நூல் நூலாகப் பிரிந்தது ஒன்று. நாலு வருஷத்துக்கு முன் புல்லுக்குள் மங்கைப் பார்த்தாராம். பால்மரமே இல்லாத இடத்தில் மங்கு எப்படி வரும், யாரோ பெரியவர் படுத்திருக்கிறார் என்று நினைத்தாராம். அன்றிலிருந்து அந்தக் கல்லருகே மருந்து அடிப்பதில்லை. டிராக்டர் ஏறிவிடக் கூடாதென்று கயிறு கட்டி, இற்றுப்போகும்போதெல்லாம் புதிதாகக் கட்டியிருக்கிறார்.

"சாயா இக்காட் தாலி" என்றார், நான் கயிறு கட்டுகிறேன் என்று. மலாயில் தாலி என்றால் வெறும் கயிறுதான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. இந்தியாவிலிருந்து ரஜுலா கப்பலில் புதுப்பெண்ணாக வந்து, சுமங்கலியாகப் போனவர் எங்கள் பூட்டி. பூட்டனை ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனான்; திரும்பவில்லை, அவருக்குக் கல்லும் இல்லை. இருந்த ஒரு கல்லையும் நாங்கள் முப்பது வருஷமாக எட்டிப் பார்க்கவில்லை. பெயர் தெரியாத கிழவிக்கு ஊர்விட்டு ஊர் வந்த ஒருத்தி கயிறு மாற்றியிருக்கிறாள்.

காக் (அக்கா), உங்களுக்கு இது படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை வந்து மலாயில் வாசித்துக் காட்டுகிறேன். பணம் நீட்டியதற்கு நீங்கள் முறைத்த முறைப்பு மறக்கவில்லை, இந்தத் தடவை முறுக்கு மட்டும்தான்.

கிளம்பும்போது மீதி ராஃபியா உருண்டையை என் கையில் திணித்தார். புல்லுக்குள் இன்னும் பதினோரு கல் இருக்கிறதாம்.