படகுக்குப் பெயிண்ட்: ஞாயிறு கூட்டம்

எல்லாருக்கும் வணக்கம். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். படகைக் கரையேற்றிய கையோடு பெயிண்ட் வேலையையும் முடிவு செய்துவிடுவோம்.

நாள்: ஏப்ரல் 19, ஞாயிறு, மாலை 5 மணி
இடம்: மண்டபம் வடக்குக் கடற்கரை, இறங்குதளம் அருகே

1. தண்ணீருக்குள் நிற்கும் அடிப்பகுதிக்குச் சாதா எனாமல் வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் பாசியையும் கொட்டலசையும் (அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிர்) அது தடுக்காது. அவை ஒட்டினால் படகு டீசல் கூடுதலாகக் குடிக்கும். மிச்சம் பிடித்த காசு அங்கே போய்விடும். முதல் பூச்சாக எபாக்சி பிரைமர், அதற்கு மேல் தாமிரம் கலந்த ஆன்டிபவுலிங் பெயிண்ட் (பாசி, கொட்டலசு ஒட்டாமல் தடுப்பது) அடிப்பதே என் யோசனை.

2. மேல்பகுதிக்கு எனாமல் போதும். பாலியூரித்தேன் பெயிண்ட் வெயிலை நன்றாகத் தாங்கும், விலை அதிகம். ஆனால் பழைய எனாமல் மேல் அதை அடித்தால் சுருங்கி உரியும். அதை அடிப்பதானால் பழைய எனாமலை முழுதாகச் சுரண்ட வேண்டும்.

3. எந்தப் பெயிண்ட் ஆனாலும் முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவிக் காயவிடுங்கள். இதில் அவசரப்பட்டால் விலை உயர்ந்த பெயிண்டும் நிற்காது.

4. பழைய ஆன்டிபவுலிங்கை ஈரமாக வைத்தே தேயுங்கள், அந்தத் தூள் விஷம். முகக்கவசம் கட்டாயம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

5. பதிவு எண்ணைத் தெளிவாகத் திரும்ப எழுதுங்கள்.

மொத்தமாக வாங்கினால் விலை பேசலாம். அதனால் படகின் நீளம், மரமா பைபரா, எத்தனை லிட்டர் தேவை என்று வெள்ளி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் அளவை மட்டும் அனுப்பிவிடுங்கள்.