நூற்பட்டியலில் 'செவிட்டு ஊமையர்' என்ற பொருள் தலைப்பை மாற்றக் கோரி மூன்றாவது மனு

பெறுநர்:
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்

பார்வை: (1) பதிவுத் தபாலில் அனுப்பிய மனு, (2) திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனு. இரண்டுக்கும் பதில் இல்லை.

ஐயா,

வணக்கம். நம் மைய நூலகத்தைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தங்கள் அலுவலகமே அதன் மாடியில்தான் இருக்கிறது. கீழே நுழைந்ததும் இடப்பக்கம் பட்டியல் பார்க்கிற கணினி. அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்லூரி முதலாண்டு. சைகை மொழி பற்றிக் கட்டுரை எழுத வந்தாள். 'சைகை மொழி' என்று தட்டினாள், ஒன்றும் வரவில்லை. 'காது கேளாதோர்', இல்லை. 'மாற்றுத்திறனாளிகள்', அதுவும் இல்லை. கடைசியில் நூலகர் வந்து, "அது வேற பேர்ல இருக்கும்மா" என்று அவரே தட்டினார்: 'செவிட்டு ஊமையர்'. ஏழு புத்தகங்கள் வந்தன, சைகை மொழிப் பயிற்சி நூல் உட்பட. கையாலேயே நாள் முழுக்கப் பேசுகிற பெண், ஐயா. ஊமையாம்! வகைப்பாட்டு எண்ணை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள். தலைப்பை எழுதவில்லை.

2. 'ஊனமுற்றோர்' என்பதை விட்டு 'மாற்றுத்திறனாளி' என்று அரசு 2010-லேயே மாறிவிட்டது. துறையின் பெயரே மாறியது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அவளுக்குக் கொடுத்த அட்டையில் 'செவித்திறன் குறைபாடு' என்றுதான் இருக்கிறது.

3. புத்தகத்தின் பெயரிலேயே பழைய சொல் இருந்தால் அதைத் தொட வேண்டாம், அது எழுதியவர் வைத்தது. நூலகம் தானாக ஒட்டிய தலைப்பைத்தான் மாற்றச் சொல்கிறேன். பழைய சொல்லைத் தட்டுகிறவர்களுக்கு 'காது கேளாதோர் காண்க' என்று ஒரு வரி போட்டால் போதும், யாருக்கும் புத்தகம் தொலையாது.

4. நூலகத்தில் நேரில் கேட்டால், "மேலிருந்து வந்த பட்டியல், நாங்கள் கை வைக்க முடியாது" என்கிறார்கள். அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் 'சட்டவிரோத அந்நியர்' என்ற தலைப்பை மாற்றச் சொல்லி 2014-ல் கேட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களே குறுக்கே நின்றும், அங்குள்ள நூலகங்களுக்குத் தலைப்புப் பட்டியல் வகுத்துத் தரும் காங்கிரஸ் நூலகம் (Library of Congress) 2021-ல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இங்கே குறுக்கே நிற்பது யார்? தபால் ஒப்புகை அட்டை மட்டும் முத்திரையோடு சரியாகத் திரும்பி வருகிறது. சொத்து வரி ரசீதில் நூலக வரியும் தவறாமல் வருகிறது. பதில்தான் வருவதில்லை.

5. தேடும்போது தொழுநோய் பற்றிய நூல்கள் 'குஷ்டரோகிகள்' என்ற தலைப்பில் கிடந்ததையும் பார்த்தேன். சரி, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கோபத்தில் ஏதும் கூடுதலாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். அந்த ஒரு தலைப்பை மாற்றுங்கள் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் கொடுங்கள். அந்தப் பயிற்சி நூலைத் திருப்பித் தர மகள் வரும் சனிக்கிழமை வருவாள். அடுத்த புத்தகத்தை அதே கணினியில்தான் தேடுவாள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலக உறுப்பினர்