குடிசன் பார்க்: வெறும் மைதானம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள குடிசன் பார்க்கில் 2025 மே 18 அன்று எவர்ட்டன் கால்பந்துக் கழகத்தின் ஆண்கள் அணி சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்று அந்த மைதானத்திலிருந்து விடைபெற்றது. இரண்டு கோலும் இலிமான் என்டியாயே அடித்தவை. 1892-இல் திறந்த மைதானம் அது. இறந்த ரசிகர்களின் அஸ்தியைக் களத்தின் ஓரத்திலேயே புதைத்து வந்தார்கள். இடம் தீர்ந்ததால்தான் அந்த வழக்கம் நின்றது. அப்படிப்பட்ட மண்ணை விட்டுப் போகிறவர்கள் அழாமல் என்ன செய்வார்கள்?

மாறியே ஆகவேண்டிய நிலையும் உண்மைதான். கூரையைத் தாங்கும் தூண்கள் பல இருக்கைகளிலிருந்து கோல் கம்பத்தை மறைக்கும். தூணை எடுத்தால் கூரை நிற்காது. சுற்றிலும் குடியிருப்பு, ஒரு மூலையை ஒட்டி செயின்ட் லூக் தேவாலயம், விரிவாக்க வழியில்லை. கொள்ளளவு 39,000 சொச்சம். துறைமுகத்தில் எழுந்த புதிய அரங்கிலோ 52,000-க்கும் மேல்.

பழைய மைதானத்தை இடிக்காமல் எவர்ட்டன் பெண்கள் அணிக்குக் கொடுத்தது மிக நல்ல முடிவு. ஆனால் பராமரிப்பு முக்கியம். புல்லன்ஸ் ரோடு பக்கத்து மாடி முகப்பில் மைதானக் கட்டடக் கலைஞர் ஆர்ச்சிபால்ட் லீச் அமைத்த, பெருக்கல் குறி போன்ற இரும்புப் பின்னல் இன்றும் இருக்கிறது. அத்தகைய பின்னலில் பட்டைகள் சேரும் மூட்டுகளில்தான் மழைநீர் தங்கித் துரு பிடிக்கும். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் சில மழைக்குள் உப்பி உரிந்துவிடும். முழுக்கச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்த பிறகே நீல நிறம் ஏற வேண்டும்.

– கால்பந்து வாசகர்கள், சென்னை