ராதிகாவுக்கு இரண்டே வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சின்னத்திரை நடிகைகள் பற்றிய கட்டுரையில் ராதிகாவுக்கு இரண்டே வரி ஒதுக்கியிருந்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. 1978-இல் 'கிழக்கே போகும் ரயில்' படத்தில் அறிமுகமானவர், 1999-இல் 'சித்தி'யாக வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். டைட்டில் பாட்டு கேட்டதும் எங்கள் தெருவில் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவார்கள். அப்புறம் அண்ணாமலை, செல்வி, அரசி என்று வரிசையாக வந்தன. 'வாணி ராணி'யில் வக்கீல் வாணி யார், இல்லத்தரசி ராணி யார் என்பது அவர் நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். நடிப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, சொந்தமாக ராடான் நிறுவனத்தை நடத்திக்கொண்டே அதன் தொடர்களில் நாயகியாகவும் நின்றதுதான். தயாரிப்பாளர் ராதிகாவைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று அவசியம் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகி, மதுரை